வேலியா, விலங்கா?

ஊருக்கு ஒரு கிணறு வேண்டும் என்று எவரேனும் சொன்னால், "வெட்டுவோம், வாரீர்!" என்று மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு முதலில் புறப்படுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆனால், கிணறு வெட்டி முடித்த கையோடு, "இனி எவரும் ஆற்றுக்குப் போகக் கூடாது, மழை பெய்தால் முற்றத்தில் பாத்திரம் வைக்கக் கூடாது, அடுத்த ஊரில் தண்ணீர்ப் பந்தல் இருந்தாலும் அங்கே வாய் நனைக்கக் கூடாது, இந்தக் கிணற்றுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவியோ என் இடுப்பில்!" என்று கட்டளை பிறக்குமானால், அதற்குப் பெயர் கிணறா, தோழர்களே? தாகத்தைக் கொண்டு ஆளைக் கட்டும் கயிறு அல்லவா அது!

உலகின் பல ஆட்சிப் பீடங்கள் இன்று இப்படியொரு கிணறு வெட்டத் துடிக்கின்றன. உலகம் முழுவதையும் ஒரே பேச்சுத் திண்ணையாக்கிய இணையத்தை அறுத்து, தம் எல்லைக்குள் மட்டும் ஓடும் ஒரு வலையைப் பின்னி, அதன் நூல் முனையைத் தம் விரலில் சுற்றிக்கொள்ள விரும்புகின்றன. "நாட்டுக்கென்று தனி வலை" என்று அதற்கு அழகாகப் பெயரும் சூட்டுகின்றன. தனி வீடு, தனிச் சிறப்பு, தனித்தன்மை என்றெல்லாம் கேட்டுப் பழகிய செவிக்குத் 'தனி' என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். ஆனால், தனிச்சிறைக்கும் முதற்சொல் 'தனி'தானே!

இந்தியாவில் அப்படி ஒரு தனி வலை இன்று இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி அச்சமூட்டுவது மேடைக்கு அழகன்று. ஆனால், அந்த மாளிகைக்கு வேண்டிய செங்கற்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்குவதைக் கண்டும் காணாதிருப்பது மக்கள் இயக்கத்துக்கு அழகன்று. அதனால்தான் இந்த ஞாயிறன்று இதைப் பற்றிப் பேசுகிறோம்.

இதை எடைபோட டில்லிக்குப் போகவேண்டியதில்லை. ஜெனீவா வரை செல்லவேண்டியதும் இல்லை. பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை ஒட்டி, மேகம் வந்து வாசற்படியில் அமர்ந்துகொள்ளும் அட்டுவம்பட்டி போதும். அந்தச் சிற்றூரில்தான் 1984ஆம் ஆண்டு தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. உழவர் வீட்டுப் பெண்ணும், மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணும், மலையேறி வந்து மேற்படிப்புப் படிக்கும் இடம் அது. அந்த மலைமீது நின்றுகொண்டு கேட்போம்: உலகத்தோடு நமக்கு உறவு தேவையா, தேவையில்லையா?

முதலில் கதிரவனைச் சாட்சிக்கு அழைப்போம்.

1899ஆம் ஆண்டில் கொடைக்கானலில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், 1909ஆம் ஆண்டில், சூரியனின் கரும்புள்ளிகளில் வளிகள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதைக் கண்டறிந்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் இன்றும் அதை அழைக்கிறது. கண்டறிந்தவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. அச்சிட்டு உலகறியச் செய்தார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தினர் அதைச் சோதித்துப் பார்த்தனர். ஒருவர் சொன்னதைப் பலர் உரைத்துப் பார்த்த பிறகே அது அறிவியல் ஆயிற்று. அந்த மலையில் நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று எண்ணியல் வடிவில் உலக ஆராய்ச்சியாளர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. சூரியனுக்கு எல்லைக்கோடு உண்டா? சூரியனைப் படித்த அறிவுக்கு மட்டும் எல்லைக்கோடு எதற்கு?

அடுத்த சாட்சி, மண்ணிலிருந்து வருகிறது: மலைப்பூண்டு!

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்து ஆவணம் திரட்டியதில் அட்டுவம்பட்டிப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. புவிசார் குறியீடு என்றால் என்ன? "இந்தப் பொருள் இந்த மண்ணுடையது, வேறெவனும் இந்தப் பெயரில் விற்காதே" என்று உலகச் சந்தையின் முன் நின்று சொல்லும் உரிமை. உலகின் செவிக்கு எட்டாத ஒரு வலைக்குள் நின்று அதைக் கூவினால், கேட்பவர் யார்? வடுகபட்டிச் சந்தைக்கு அப்பால் ஒரு வாங்குவோன் இருக்கிறான் என்பதை அறிந்த உழவன்தான் தரகனிடம் நிமிர்ந்து விலை பேச முடியும்.

மூன்றாவது சாட்சி கண்ணீரோடு வருகிறது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. 2001ஆம் ஆண்டில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது வெளிப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர்; ஆலை மூடப்பட்டது. ஆனால் அங்கே உழைத்தோரின் உடல்நலத்துக்கு ஈடு? ஆண்டுகள் ஓடின. ஊர்வலம் நடந்தது, வழக்கு நடந்தது, மனு நடந்தது. நீதி மட்டும் நடக்கவில்லை, நொண்டியது!

2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சென்னையைச் சேர்ந்த பாடகி சோபியா அஷ்ரஃப், ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் இந்த அநீதியைப் பாட்டாக்கி இணையத்தில் இட்டார். சில நாட்களில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். அந்த மெட்டுக்கு உரிய நிக்கி மினாஜே அதைப் பலர் காணப் பகிர்ந்தார். இலண்டனில் இருந்த தலைமைக் காரியாலயம், கொடைக்கானல் என்ற பெயரைக் காதில் வாங்க வேண்டியதாயிற்று. 2016ஆம் ஆண்டு மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு ஒன்றே வென்றது என்று நான் கூறவில்லை. பதினைந்து ஆண்டுகள் விடாது நின்ற தொழிலாளியின் உறுதிதான் வென்றது. ஆனால், அந்த உறுதியின் குரலை மலையிலிருந்து கடல் கடந்து கொண்டுசென்ற ஓடம் எது? பூட்டப்படாத இணையம்! உள்நாட்டு வலை மட்டுமே இருந்திருந்தால் அந்தப் பாட்டு வத்தலக்குண்டு வரை இறங்கியிருக்கும், இலண்டனுக்கு ஏறியிருக்காது.

மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் அளிக்கின்றன. அறிவு, வாணிபம், நீதி ஆகிய மூன்றுக்கும் திறந்த வழி வேண்டும்.

இனி எதிர்த்தரப்பு வழக்கறிஞரை அழைப்போம். அவரைப் பேசவிடாமல் தீர்ப்பெழுதுவது நம் பண்பன்று.

"அந்நியக் கம்பெனியின் கையில் நம் குடுமி இருக்கலாமா?" என்று கேட்கிறார் அவர். நல்ல கேள்வி! 2025ஆம் ஆண்டு ஜூலையில் என்ன நடந்தது? ரஷ்ய நிறுவனத்துக்குப் பங்குள்ள நயாரா என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நயாராவுக்குத் தான் அளித்துவந்த சேவைகளை நிறுத்திற்று. அந்த நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அதன் பிறகு சேவை திரும்பியது. எங்கோ ஒருவன் விசையைத் தட்டினால் இங்கே மேசை இருளுகிறது என்பது உண்மை. அந்த அபாயத்தை மறுப்பவன் அறியாதவன்.

ஆனால் அதற்கு மருந்து என்ன? நம்முடைய மின்னஞ்சல், நம்முடைய மென்பொருள், நம்முடைய தரவு நிலையங்கள், நம்முடைய கண்ணாடி இழை வடங்கள் ஆகியவற்றைக் கட்டுவது மருந்து. தென்காசிச் சீமையில் அமர்ந்து உலகத்துக்கே மென்பொருள் விற்கும் ஜோஹோவைப் பாருங்கள். மத்திய அரசே தன் ஊழியர்களின் மின்னஞ்சலை அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இழை வடத்தால் இணைப்பது என்ற திட்டம் வகுக்கப்பட்டது. இவை கிணறுகள்! வெட்டுவோம், ஆழமாக வெட்டுவோம், ஊர்தோறும் வெட்டுவோம்! ஆனால் ஜோஹோ எப்படி வளர்ந்தது? உலகத்துக்குக் கதவடைத்தா? உலகத்துக்கு விற்று! சொந்தக் கால் வேண்டும் என்பதற்கும், கதவைத் தாழிட வேண்டும் என்பதற்கும் என்ன சம்பந்தம்? சொந்தக் கால் எதற்கு? நடக்கத்தானே!

கதவடைத்தால் பலம் பெருகும் என்பாருக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானின் டோக்குகாவா ஆட்சி நாட்டை மூடியது. நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவு ஒன்றில் டச்சு வணிகரை வைத்து, அந்த ஒற்றைச் சாளரம் வழியே மட்டும் ஐரோப்பாவை எட்டிப் பார்த்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்தன. 1853ஆம் ஆண்டில் அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி பெர்ரி நீராவிக் கப்பல்களோடு வந்து நின்றபோது, மூடிய நாட்டால் எதிர்த்து நிற்க முடியவில்லை. 1858ஆம் ஆண்டில் சமமற்ற ஒப்பந்தங்களில் கையெழுத்திட நேர்ந்தது. கதவடைப்பு இறைமையைக் காக்கவில்லை. கதவு உடைபடும் நாளைத்தான் தள்ளிப்போட்டது.

"வதந்தி பரவுகிறதே, கலகம் மூளுகிறதே!" என்பது அடுத்த வாதம். இதுவும் வெற்றுப் பேச்சன்று. 2018ஆம் ஆண்டில் குழந்தை கடத்தும் கூட்டம் வந்திருக்கிறதென்று கைப்பேசியில் பரவிய பொய்க்கு, நம் தமிழ்நாட்டிலேயே அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்த இரத்தத்தை எண்ணிப் பார்க்காமல் சுதந்திரம் பேசுவது பொறுப்பற்ற செயல்.

ஆனால் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துக்கொண்டிருந்த வடநாட்டுத் தோழர்கள் அஞ்சினர். அன்று அரசு இணையத்தை அறுத்ததா? இல்லை. காவல்துறை உண்மையை வெளியிட்டது. இந்தியிலும் விளக்கம் சொல்லப்பட்டது. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் செய்தது. பொய் பரப்பியோர்மீது வழக்குப் பாய்ந்தது. பொய்யை மெய் துரத்திற்று! மெய் ஓடுவதற்கும் அதே சாலைதான் வேண்டும், தோழர்களே. சாலையை வெட்டிவிட்டால் பொய் ஏற்கெனவே ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். மெய்தான் எல்லையில் நிற்கும்.

"ஆபாசம், அசிங்கம், பெண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்களே!" என்பது மூன்றாவது வாதம். இந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? 1907ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் சேர வந்தபோது எழுந்த கூச்சலும் இதுதான். அந்தப் பெண் கெட்டுவிடவில்லை. மருத்துவர் ஆனார், சட்டமன்றம் புகுந்தார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், விடுதி மாணவியர் கைப்பேசி பயன்படுத்த நேரக்கட்டுப்பாடு விதித்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதி அறையில் தொடங்கும் பூட்டும், நாட்டெல்லையில் தொங்கும் பூட்டும் ஒரே பட்டறையில் அடித்தவை. "உனக்கு எது நல்லது என்பது எனக்குத் தெரியும்" என்பதுதான் இரண்டிலும் பொறித்திருக்கும் முத்திரை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பட்டமளிப்பு அங்கி என் தோளில் ஏறியதில்லை. நாடகம் எழுதத் தேவையான உலகத்தை எனக்குக் காட்டியவை கிளை நூலகமும், கையடக்கமான இந்தச் சிறு கருவியும்தாம். பணம் உள்ளவன் கதவடைத்தாலும் விமானம் ஏறிப்போய்ப் படித்துவிட்டு வருவான். கதவடைப்பில் மடிபவன் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

இப்போது அவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் நான்காவது காரணத்துக்கு வருவோம். அதுதான் மெய்யான காரணம்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காஷ்மீரின் தனி நிலை நீக்கப்பட்டபோது, அங்கே தகவல் தொடர்பு அனைத்தும் துண்டிக்கப்பட்டது. இணையம் மாதக்கணக்கில் இல்லை. இளைஞர்கள் தேர்வு விண்ணப்பம் அனுப்பவும், வணிகர்கள் வரி கணக்குக் காட்டவும், பள்ளத்தாக்கிலிருந்து புகைவண்டி ஏறிப் பனிஹால் என்ற ஊருக்குச் சென்று வந்தார்கள். அந்த வண்டிக்கே 'இணைய விரைவு வண்டி' என்று மக்கள் பெயர் வைத்தார்கள். அட்டுவம்பட்டி மாணவி ஒரு விண்ணப்பம் அனுப்ப மலைப்பாதையில் வளைந்து வளைந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, மீண்டும் மாலையில் ஏறிவர வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் உச்சநீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்திவைப்பது செல்லாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று கூறியது. பூட்டு திறந்ததா? இல்லை, பூட்டின் வடிவம் மாறியது! அந்த ஜனவரியிலேயே 'வெள்ளைப் பட்டியல்' வந்தது. முதலில் 153 தளங்கள். சில நாட்களில் 301. பட்டியலில் உள்ளதைப் பார்க்கலாம். இல்லாததைப் பார்க்கக் கூடாது. மக்கள் ஒருவரோடொருவர் பேசும் சமூகத் தளங்களுக்கு இடமில்லை. வேகமோ நத்தை வேகம். அவ்வாண்டு மார்ச்சில் பட்டியல் நீங்கியது. முழு வேகம் திரும்பியது 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில்.

இந்திய மண்ணில் முளைத்த தனி வலையின் முதல் நாற்று அதுதான். அதில் அடங்கியிருக்கும் சூட்சுமத்தைக் கவனியுங்கள். இணையத்தை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும்? வங்கி நிற்கும், மருத்துவமனை தவிக்கும், வணிகர் சங்கம் கூச்சலிடும், அரசின் வரி வசூலே படுத்துவிடும். முழு இருட்டில் ஆள்பவனும் இடறி விழுவான். அந்த நோவு தாங்காமல்தான் சில நாட்களிலோ சில வாரங்களிலோ விசையை மீண்டும் போடுகிறான். ஆனால், உள்நாட்டு வலை ஒன்றை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டால்? வங்கி ஓடும், வரி வரும், ஆணை பறக்கும். மக்களின் வாய் மட்டும் அடையும். ஆள்பவனுக்கு நோகாத வாய்ப்பூட்டு! நோகாத பூட்டை அவன் திறக்கவேண்டிய அவசியம்தான் என்ன?

ஈரானில் இது நடந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். ஏறத்தாழ ஒரு வாரம் உலக இணையம் துண்டிக்கப்பட்டது. அரசு வளர்த்துவந்த உள்நாட்டு வலை மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. வங்கிகள் இயங்கின, துப்பாக்கிகளும் இயங்கின, துப்பாக்கிகளைப் பற்றிய செய்தி மட்டும் இயங்கவில்லை. வடகொரியாவில் மக்களுக்கென்று ஓர் உள்வலை இருக்கிறது. அதன் பெயர் குவாங்மியோங். 'பேரொளி' என்பது பொருள். இருட்டறைக்குச் சூட்டிய பெயரைப் பார்த்தீர்களா! ஹிட்லர் ஆட்சியில் 1933ஆம் ஆண்டு மலிவு விலையில் 'மக்கள் வானொலிப் பெட்டி' வழங்கினார்கள். 1939ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நிய ஒலிபரப்பைக் கேட்பதையே குற்றமாக்கினார்கள். முதலில் மலிவாகக் காதைக் கொடு. பிறகு அந்தக் காதில் என் குரல் மட்டும் விழட்டும்! கருவி மாறியிருக்கிறது, கருத்து மாறவில்லை.

நாடகக்காரன் நான், ஒரு காட்சி போட்டுக் காட்டுகிறேன். களம்: தனி வலை வந்துவிட்ட ஓர் எதிர்காலத்தில் அட்டுவம்பட்டி. பூண்டுக் காட்டில் நிற்கும் ஓர் அம்மையாரிடம் அதிகாரி வருகிறார்.

"உமக்கு ஒரு குறையும் இராது, அம்மா. வங்கி இருக்கும், பங்கீட்டுக் கடை இருக்கும், வரி கட்டும் வசதியும் இருக்கும்."

"பூண்டு விலை தெரியுமா, ஐயா?"

"எங்கள் பட்டியலில் உள்ள விலை தெரியும்."

"அந்த விலை தவறு என்று சொல்ல இடம் உண்டா?"

"மனுச் செய்யலாம்."

"எங்கே?"

"எங்கள் பட்டியலில் உள்ள இடத்தில்."

"என் மனு போய்ச் சேர்ந்ததா, பக்கத்து ஊரிலும் இதே குறை உண்டா என்று நான் எவரைக் கேட்பது?"

அதிகாரி பதில் சொல்லவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் அதோடு முடிந்துவிட்டது. திரை!

தமிழ் பேசும் மக்கள் இந்தத் திரையை முன்பே பார்த்தவர்கள். இலங்கையில் 2007ஆம் ஆண்டு ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளம் முடக்கப்பட்டது. ஈழத்தமிழர் பற்றிய செய்தியைத் தடுத்த கை, பிறகு சிங்கள மக்களை நோக்கியும் நீண்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், விலைவாசியால் வெந்து மக்கள் தெருவுக்கு வரத் திட்டமிட்ட அன்று, சமூகத் தளங்கள் அனைத்தும் தடுக்கப்பட்டன. அன்றைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் நாமல் ராஜபக்ச, தாமே வி.பி.என். என்ற சுற்றுவழியில் வந்து, இத்தகைய தடை பயனற்றது என்று எழுதினார்! அமைச்சருக்குச் சந்து வழி, குடிமகனுக்குச் சுவர்! ஒரு நாள்கூடத் தடை நிலைக்கவில்லை. ஜூலையில் அதிபரே நாட்டைவிட்டு ஓடினார். ஒருவனுக்கு இட்ட பூட்டைக் கண்டு மற்றவன் மகிழ்ந்தால், அந்தப் பூட்டு அவன் வீட்டுக்கும் வழி கேட்டு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் பறிபோயின. மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. பிணவறை வாசலில் நின்ற தாய்க்கு, தன் மகன் எங்கே என்று கேட்கும் வழியும் அடைபட்டது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. அந்தச் சித்திரம் இருந்த பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சித்திரத்துக்காக ஒரு நூலகத்தையே பூட்டும் துணிவு எங்கிருந்து வந்தது? தளங்களை முடக்க வகைசெய்யும் 2009ஆம் ஆண்டு விதிகளிலேயே, நடவடிக்கைகளை இரகசியமாக வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. குற்றப்பத்திரிகை இரகசியம், விசாரணை இரகசியம், தண்டனை மட்டும் பகிரங்கம்!

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு, நெருக்கடி நிலை வந்தபோது, டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த பகதூர்ஷா ஜஃபர் மார்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அன்று ஏடுகளின் குரலை அடக்க ஒரு தெருவின் மின்விசை போதுமாயிருந்தது. தனி வலை என்பது, நாடு முழுவதையும் அந்த ஒற்றைத் தெருவாகச் சுருக்கும் ஏற்பாடு.

தோழர்களே, இனி நான் சொல்லப்போவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. "விசை அவர்கள் கையில் இருப்பதுதான் ஆபத்து, நம் கையில் வந்தால் நன்மைக்கே பயன்படுத்துவோம்" என்று நம்மில் சிலர் எண்ணக் கூடும். அந்த எண்ணத்தை வேரோடு களைய வேண்டும்.

1954ஆம் ஆண்டில் இந்த மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. எழுத்துப் படியைக் காவல்துறை பார்த்துத் தலையசைத்தால்தான் மேடையில் திரை உயரும். எம்.ஆர். இராதாவின் நாடகங்களை ஒடுக்கக் குறிவைத்த சட்டம் அது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று தள்ளிற்று. இடையில் 59 ஆண்டுகள்! அந்த 59 ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, கோட்டையின் நாற்காலிகள் மாறின. சட்டம் மட்டும் மேசையின் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. நாடகத்தால் வளர்ந்த இயக்கங்கள் ஆண்ட நாட்டில், நாடகத்துக்கு இட்ட பூட்டைத் திறக்க ஒரு தனி மனிதர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பூட்டுக்குச் சொந்தக் கட்சி இல்லை. சாவி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் அதன் கட்சி. நாம் செய்து வைக்கும் பூட்டு நாளை நம் உதட்டில்தான் தொங்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை என்ன? வடம் நமதாகட்டும், தரவு நிலையம் நமதாகட்டும், மென்பொருள் நமதாகட்டும். அதற்குப் பொருள் ஒதுக்குக! எந்தத் தளத்தை முடக்கினாலும் காரணத்தோடு ஆணையை வெளியிடுக! முடக்குவதற்கு முன் உரியவரை அழைத்துக் கேட்க! பட்டியலில் உள்ளதை மட்டும் காண்க என்னும் வெள்ளைப் பட்டியல் முறையைச் சட்டத்திலேயே விலக்குக! கலகம் மூண்ட ஓர் ஊரில் தவிர்க்க முடியாமல் நிறுத்தினாலும், நாள் குறித்து நிறுத்துக. சட்டமன்றத்தில் கணக்குக் கொடுக்க! இந்த ஐந்தையும் டில்லியிடம் கேட்போம். கேட்கும் அதே வாயால், நம் ஆட்சி அமையும் இடத்தில் நாமும் இவற்றுக்குக் கட்டுப்படுவோம் என்று உறுதி கூறுவோம். தனக்கில்லாத நெறியைப் பிறருக்குப் போதிப்பவன் குரல் மேடையைத் தாண்டாது.

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். "இணையம் படித்தவன் விவகாரம்" என்று எவரேனும் ஒதுங்கினால், பாதரசத்தில் வெந்த 591 தொழிலாளர்களை நினைவூட்டுங்கள். "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்டால், அட்டுவம்பட்டிக்கு மலையேறிப் படிக்க வந்த மகளின் பெயரைச் சொல்லுங்கள். "நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்றால், வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்: பயிரைக் காக்க வேலி போட்டவன், வேலிக்குள் பயிருக்கு வெயிலும் மழையும் வர விடுகிறானா, இல்லையா?

வெயிலும் மழையும் வருமாயின் அது வேலி. வராதென்றால் அது விலங்கு. வேலி கட்ட நாம் வருவோம். விலங்கு பூட்ட எவர் வந்தாலும் கை நீட்ட மாட்டோம்!